வகுப்பறைக்கு டிஜிட்டல் கதை: ஆறு வாரப் பயிற்சி, முதல் வாரத்துக்காகவே சேரலாம்

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கென்றே நடத்தும் ஆறு வார ஆன்லைன் வகுப்பு ஒன்றைப் போன மாதம் முடித்தேன். வகுப்பில் காட்ட டிஜிட்டல் கதை செய்வது எப்படி என்பதுதான் விஷயம். அதாவது நம் குரல், சில படங்கள், தேவையென்றால் கொஞ்சம் இசை, எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிட வீடியோ. எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் சேர்ந்தேன். கடைசியில் பார்த்தால் அந்தப் பாடம்தான் இருப்பதிலேயே சுமார்.

முதல் வாரம் எந்த மென்பொருளையும் திறக்கவே விடவில்லை. எட்டுப் பேரை வீடியோ அழைப்பில் உட்காரவைத்து ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னார்கள். கதை வட்டம் என்று பெயர். 1990களில் ஜோ லாம்பெர்ட்டும் டேனா ஆட்ச்லியும் அமெரிக்காவில் நடத்திய டிஜிட்டல் கதைப் பட்டறைகளிலிருந்து வந்த முறை இது. நான் பின்னத்தை எடுத்துக்கொண்டு, 'ஒரு முழுப் பொருளை நான்கு சம பாகமாகப் பிரித்தால்' என்று பாடப்புத்தகம் மாதிரியே ஆரம்பித்தேன். குழுவில் ஒருவர், "எல்லாம் சரி, இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார். முழித்தேன். அப்புறம்தான் ஐந்தாம் வகுப்பில் கால் பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரியது என்று நான் அடம்பிடித்தது ஞாபகம் வந்தது. எட்டு நாலைவிடப் பெரிதுதானே! ஒரு காகிதத்தை மடித்து மடித்துப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். அதையே கதையாக்கினேன். இந்த ஒரு கேள்விக்காகவே கட்டணம் தகும்.

ஸ்கிரிப்டை 250 சொல்லுக்குள் எழுதச் சொல்கிறார்கள். இது ஆங்கிலக் கணக்கு. தமிழில் வேற்றுமை உருபு, விகுதி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லும் ரயில் பெட்டி மாதிரி நீளுவதால், நான் 250 சொல்லை வாசித்தபோது மூன்று நிமிடத்தையும் தாண்டிவிட்டது. தமிழில் செய்பவர்கள் 170, 180 சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு பாடம் உருப்படியானது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்லித்தருகிறார்கள். பேசும் முன் ஐந்து விநாடி சும்மா இருந்து அறையின் இரைச்சலை மட்டும் பதிவு செய்யுங்கள், அதை மாதிரியாகக் காட்டினால்தான் மென்பொருளுக்கு எதை நீக்குவது என்று தெரியும் என்றார்கள். போர்வைக்குள் புகுந்து வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தேன், குரல் சுத்தமாக வந்தது. பதிப்புரிமை பாடமும் நன்று: கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பிறர் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தரும் உரிமம்) வகைகளில் 'நோ டெரிவேட்டிவ்ஸ்', அதாவது மாற்றிப் பகிரக் கூடாது, என்றிருக்கும் இசையை வீடியோவுக்குப் பின்னணியாகச் சேர்த்தாலே அது தழுவல் கணக்கில் வந்துவிடும், பகிரக் கூடாது. இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

இனி குறைகள். டிஜிட்டல் கதைக்கு லாம்பெர்ட் பட்டியலிட்ட ஏழு கூறுகளில் பின்னணி இசையும் ஒன்று என்று மூன்றாம் வாரம் சொன்னார்கள். நான்காம் வாரம் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் (சொல்லும் படமும் சேர்த்துக் கற்பது) ஆய்வுகள் வந்தன. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இசையும் படமும் கற்பதைக் கெடுக்கும் என்கிறார் அவர். இரண்டும் இடிக்கிறதே, எதைக் கேட்பது என்று எழுதினேன். ஒன்பது நாள் கழித்து "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நானே ஒரு முடிவுக்கு வந்து, காகிதம் மடிக்கும் இடத்தில் இசையை எடுத்துவிட்டு அந்தச் சரசரப்பை மட்டும் விட்டேன். மதிப்பீட்டில் அதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று, 'இசை தொடர்ச்சியாக இல்லை'யாம்.

எடிட்டிங் பாடம் ஒரே மென்பொருளின் பொத்தான்களைச் சுற்றிக்காட்டுவதோடு சரி. அதில் தமிழில் தலைப்பு அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வேறெங்கோ தலைப்பைப் படமாகச் செய்து ஒட்டினேன்.

பெரிய ஓட்டை கடைசி வாரம். செய்த கதையை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது, பிள்ளைகளையே எப்படிச் செய்யவைப்பது என்பதற்கு மொத்தம் இருபது நிமிட உரை. ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இதுதானே நடுநாயகமாக இருக்க வேண்டும்?

பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது என் கதையைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். "டீச்சர், இது உங்க குரலா?" என்று முதலில் ஒரே சிரிப்பு. சின்ன வயதில் நான் அடம்பிடிக்கும் இடம் வந்ததும் வீடியோவை நிறுத்தி, யார் சொன்னது சரி என்று கேட்டேன். பாதிப் பேர் என் பக்கம். ஒருத்தி நோட்டிலிருந்து தாளைக் கிழித்து மடிக்க ஆரம்பித்தாள், பக்கத்துப் பெஞ்சும் கிழித்தது. மீதி ஒன்றரை நிமிடத்தை நான் ஓட்டவே இல்லை.