திலாப்பியாவுக்குப் பீட்டா குளுக்கனா, தடுப்பூசியா?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தாக்கினால் திலாப்பியாவின் கண் பிதுங்கி வெளுக்கும். மீன் நிலை தடுமாறிச் சுழன்று சுழன்று நீந்தும். இதைத் தடுக்க இரண்டு வழிகளையும் பயன்படுத்திவிட்டு, நான் தடுப்பூசிப் பக்கம் வந்துவிட்டேன். ஆன்டிபயாடிக் நோய் வந்த பிறகு கொடுப்பது, அதை இங்கே சேர்க்கவில்லை.

பீட்டா குளுக்கன் பெரும்பாலும் ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து எடுப்பது. தீவனத்தில் கலந்து போட்டால் போதும். பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம், பாக்டீரியா மீது ஒட்டி விழுங்கு செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் இரண்டும் சுறுசுறுப்பாகும். எந்தக் கிருமி வந்தாலும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் நிறுத்தினால் பலன் இறங்கிவிடும். நோய் தொடங்கிய மீன் தீவனமே எடுக்காது என்பது இன்னொரு சிக்கல்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். இந்த நோயைத் தரும் இனங்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரை உறை போட்டுக்கொள்கிறது. அந்த உறையில் சியாலிக் அமிலம் இருக்கிறது. மீனின் சொந்த செல்கள் மீதும் அதுவே இருப்பதால், காம்ப்ளிமென்ட் அதை வீட்டு ஆள் என்று நினைத்து விட்டுவிடுகிறது. குளுக்கன் கொடுத்து அந்தப் புரதத்தை எவ்வளவு உசுப்பினாலும், எதிரியை அடையாளம் தெரியாவிட்டால் என்ன பயன்? தடுப்பூசி போட்ட மீனில் உருவாகும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட கிருமியைப் பிடிக்கும் புரதம்) நேராக அந்த உறையையே பிடிக்கிறது. மீனின் ஐஜிஎம் நான்கு அலகுகள் சேர்ந்தது என்பதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் பற்றும். அது பற்றிய இடத்தில்தான் காம்ப்ளிமென்ட் வேலையைத் தொடங்குகிறது. அதே புரதம்தான், இப்போது குறி தெரிகிறது.

வேலை அதிகம்தான். மீனை மயக்கி, வயிற்றுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டில் ஊசியைச் சாய்த்து இறக்க வேண்டும். ஆழம் கூடினால் குடலில் குத்திவிடும். எதிர்ப்பு சக்தி வரச் சில வாரங்கள் ஆகும், தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் தாமதம்.

இந்தக் கிருமியில் 1ஏ, 1பி, 3 என்று வகைகள் உண்டு. ஒன்றுக்கான ஊசி மற்றொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. வகையைப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள். என் அனுபவம் இந்த ஒரு நோயோடு நிற்கிறது, ஏரோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியாவுக்கும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். அப்புறம், சின்னக் குஞ்சுகளால் சரியாக ஆன்டிபாடி உருவாக்க முடியாது. ஊசி போடும் எடை வரும்வரை அவற்றுக்கு நானும் குளுக்கன்தான் கொடுக்கிறேன்.