பாயிண்ட் 177-ஆ, பாயிண்ட் 22-ஆ? பிரிட்டனில் முயல் வேட்டைக்கு ஏர் ரைஃபிள் தேர்வு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயது நிரம்பியவர் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் சக்திக்கு உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு. ஜூல் கணக்கில் 16-ஐக் கொஞ்சம் தாண்டும். அதற்கு மேல் போனால் காவல்துறையிடம் ஃபயர்ஆர்ம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இந்த 12-க்கு உட்பட்ட துப்பாக்கிக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. அதனால் இங்கே முயல், மரப்புறா, சாம்பல் அணில், எலி என்று சுடப் போகிறவர்களில் பெரும்பாலோர் 12-க்குள் நின்றுதான் யோசிக்கிறார்கள். அந்த வரம்புக்குள் 4.5 மி.மீ. குழல் விட்டம் கொண்ட .177 நல்லதா, 5.5 மி.மீ. கொண்ட .22 நல்லதா என்பதுதான் ஓயாத விவாதம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும், திறந்த வயலில் முயல்தான் குறி என்றால் .177 வாங்குங்கள். குறுகிய, அளந்து தெரிந்த தூரத்தில் மட்டும் சுடுவீர்கள் என்றால் .22.

இதில் சக்தியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. தயாரிப்பாளர்கள் வரம்பைத் தாண்டிவிடக் கூடாதென்று சுமார் 11.5 அடி-பவுண்டில் நிறுத்துவார்கள். அந்தச் சக்தியில் 8.44 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள .177 பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சிறு குண்டு, விநாடிக்கு சுமார் 239 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 15.89 கிரெயின் .22 பெல்லட் 174 மீட்டரில் கிளம்பும். 35 மீட்டர் போன பிறகும் இரண்டுமே பாதிக்கு மேல் சக்தியை வைத்திருக்கும். முயலின் மண்டையோட்டுக்கு அது தாராளம். ஆனால் அந்த மண்டைக்குள் உடனே உயிர் போகும் இடம் ஏறத்தாழ 25 மி.மீ. வட்டம்தான். அதற்குள் போடுகிறோமா இல்லையா என்பதே விஷயம்.

இங்கேதான் எடை குறுக்கே வருகிறது. சக்தி ஒன்றாக இருந்தால், ஒரே தூரத்தில் பெல்லட் கீழே இறங்கும் அளவு அதன் எடைக்கு ஏற்பக் கூடும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் மேலே சொன்ன .22 பெல்லட் .177-ஐப் போல 1.9 மடங்கு இறங்கும். வயலில் இதற்கு என்ன அர்த்தம்? ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். .177-ஐ 30 மீட்டரில் ஸீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் பெல்லட் குறுக்குக்கோட்டிலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், சுமார் 10 முதல் 35 மீட்டர் வரை குறுக்குக்கோட்டை நேராக மண்டையில் வைத்தே சுடலாம், பெல்லட் அந்த வட்டத்தை விட்டு வெளியே போகாது. .22-ஐ 25 மீட்டரில் ஸீரோ செய்தால் இந்த வசதி சுமார் 8 முதல் 28 மீட்டர் வரைதான்.

ஏழு மீட்டர்தானே என்று தோன்றும். மாலை வெளிச்சத்தில், பள்ளமும் மேடுமான புல்வெளியில், 35 மீட்டரில் இருக்கும் முயலை 28 என்று கணித்துவிடுவது ரொம்பச் சாதாரணம். அந்தப் பிழையோடு சுட்டால் .177 ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாழும். .22 ஐந்து செ.மீ. தாழும். முதலாவது வட்டத்தின் விளிம்பு. இரண்டாவது தாடை. தாடை உடைந்த முயல் வளைக்குள் ஓடிவிடும், பிறகு அதைத் தேடி எடுக்க வழியில்லை. இதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு வேறு வாதம் தேவைப்படாது. லேசர் தூரமானி வாங்கிப் பழகினால் .22-இன் இந்தக் குறை பெரிதும் நீங்கும், உண்மைதான். ஆனால் முயல் ஒவ்வொரு முறையும் அளக்க நேரம் தராது.

பக்கக் காற்றில் .22 அதிகம் நிலைத்து நிற்கும் என்று கடைகளில் கூடச் சொல்வார்கள். இந்த 12 அடி-பவுண்டு எல்லைக்குள் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. .22 மெதுவாகப் போவதால் காற்று அதைத் தள்ள அதிக நேரம் கிடைக்கிறது, எடையால் கிடைத்த லாபம் அதிலேயே கரைந்துவிடுகிறது.

அப்படியானால் .22 எங்கே ஜெயிக்கிறது? காட்டில் தீவனப்பெட்டி கட்டி வைத்து, 20 மீட்டர் என்று அளந்த இடத்திலிருந்து சாம்பல் அணிலுக்குக் காத்திருக்கும்போது. அணில் சின்ன உடம்பில் பிடிவாதமான உயிர். அகலமான பெல்லட் உடம்பைத் துளைத்து வெளியேறாமல் சக்தியை உள்ளேயே விட்டுவிடுவது அங்கே உதவுகிறது. தானியக் கொட்டகையில் எலி சுடும்போதும் அப்படித்தான்: ஊடுருவிப் போய்த் தகரத்தைத் துளைக்கும் ஆபத்து குறைவு. ஜனவரிக் குளிரில் விறைத்த விரல்களுக்குப் பெரிய பெல்லட்டைப் பிடிப்பதும் சுலபம். இடையில் உள்ள .20-க்கு பெல்லட் வகைகள் குறைவு. .25-ஐ 12 அடி-பவுண்டில் ஓட்டினால் 25 கிரெயின் பெல்லட்டின் வேகம் விநாடிக்கு சுமார் 140 மீட்டர்தான். கொட்டகைக்கு மட்டும் அது சரி.

சான்றிதழ் வாங்கி 30 அடி-பவுண்டுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ். .177-இல் அந்தச் சக்தியைக் கொடுத்தால் கனமான 10.34 கிரெயின் பெல்லட்டே ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். இடை சுருங்கிய டயபோலோ வடிவம் அந்த வேகத்தில் தடுமாறும். அங்கே 18.13 கிரெயின் .22-உம், 25 கிரெயினைத் தாண்டும் .25-உம்தான் பொருந்தும். ஆனால் பெல்லட் தவறினால் வெகுதூரம் போகும், பின்னால் மண்மேடு இல்லாமல் சுடவே கூடாது. பெரிய பண்ணை கையில் இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரிங் துப்பாக்கியா, காற்றை முன்கூட்டியே அடைத்த பிசிபியா என்பதும் பெல்லட் தேர்வைத் தொடுகிறது. ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200, வைராவ் எச்டபிள்யூ97 போன்ற ஸ்பிரிங் துப்பாக்கிகள் பெரும்பாலும் லேசான பெல்லட்டில் அதிகச் சக்தி காட்டும். பிசிபி கனமான பெல்லட்டில் காட்டும். எந்தப் பெல்லட்டைப் போட்டாலும் துப்பாக்கி 12-ஐத் தாண்டக் கூடாது என்பதால், பெல்லட் மாற்றும்போது வேகமானியில் சோதிக்க வேண்டும். இரண்டில் நான் பிசிபியையே சொல்வேன். ஸ்பிரிங்கின் உள்ளே பிஸ்டன் குதிக்கும்போது கையின் பிடி கொஞ்சம் மாறினாலும் குறி நகரும். 25 மி.மீ. வட்டத்தில் அது பெரிய விலை. காற்று நிரப்ப டைவிங் சிலிண்டர் வாங்கும் செலவு இருக்கிறது, இருந்தாலும்.

பெல்லட்டில் உருண்டை முனைக்கு நிகர் இல்லை. குழிமுனை பெல்லட்டின் டப்பாவில் அது விரிந்து பெரிய காயம் செய்யும் என்று போட்டிருக்கும். இந்த வேகங்களில் விரிவு கொஞ்சம்தான், அதுவும் பக்கத்தில் சுட்டால். தூரம் போகப் போகக் குறியும் வேகமும் இரண்டுமே குறையும். தட்டைமுனை 15 மீட்டருக்குள் எலிக்கு நல்லது. ஈயமற்ற பெல்லட்டுகள் லேசானவை. எச் அண்ட் என் நிறுவனத்தின் பாரகுடா கிரீன் .177-இல் 6.48 கிரெயின்தான். ஆரம்ப வேகம் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தளரும். இறைச்சியைச் சமைக்கிறவர்கள் இவற்றை விரும்புவது நியாயம். அவர்கள் தூரத்தை 25 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளட்டும். எதை வாங்கினாலும் மூன்று நான்கு வகைகளை அதே குழலில் போட்டு, காகிதத்தில் 30 மீட்டரில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் குழலுக்குப் பிடித்த டப்பா உங்கள் குழலுக்குப் பிடிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 20 ஜூலுக்கு மேற்படாத .177 ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பது குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குத்தான் பயன்படும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே காட்டு முயலைச் சுடுவது குற்றம். பிரிட்டனிலும் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு வயலில் கால் வைப்பதே குற்றம். மரப்புறாவைப் பொது உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பயிர்ச்சேதத்தைத் தடுப்பது போன்ற காரணங்களுக்காகச் சுடலாம். ஆனால் அதைப் போலவே சாம்பல் நிறத்தில் இருக்கும் ஸ்டாக் டவ் பாதுகாக்கப்பட்ட பறவை. மரப்புறாவின் கழுத்தில் வெள்ளைத் திட்டும் சிறகில் வெள்ளைப் பட்டையும் இருக்கும். குஞ்சுக்குக் கழுத்துத் திட்டு இருக்காது, எனவே சிறகையும் பார்த்துவிட்டுத்தான் பாதுகாப்பு விசையை விடுவிக்க வேண்டும்.