குளிக்கவா, சர்ஃப் பழகவா: பாசிக்குடா, அறுகம்பே, வெலிகம

"பிள்ளைகள் குளிக்கவும் வேணும், நான் சர்ஃப் (அலைச்சறுக்கு) பழகவும் வேணும். எந்த பீச் நல்லம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம் போகிறீர்கள்?

இலங்கையில் கடற்கரையைத் தெரிவுசெய்வது நாம் இல்லை, காற்று. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கடலையும் மேற்குக் கடலையும் கலக்கிவிடும். அப்போது கிழக்கில் வெயில். நவம்பரில் எல்லாம் தலைகீழாகும்: கிழக்கில் மழை, தெற்கில் ஒழுங்கான அலை. டிசம்பர் லீவுக்குப் பாசிக்குடாவில் அறை எடுத்துவிட்டு யன்னலால் மழை பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதில் ஒன்று எங்களுடையது.

நீச்சலுக்கு மட்டும் என்றால் கிழக்குக் கரையின் பாசிக்குடாவுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. முருகைக்கற்பாறை வெளியே நின்று அலையை மறித்துவிடுவதால் உள்ளே குளம் மாதிரித்தான். நடக்க நடக்க இடுப்பளவு தண்ணீர்தான். ஆறு வயது மகள் தோளில் ஏறாமலே அரை மணி நேரம் விளையாடினாள். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு ரயிலில் வந்தால் கல்குடா ஸ்டேஷன் பக்கம்தான். ஆனால் சர்ஃப்? போர்டைக் கொண்டுபோனால் அதன்மேல் படுத்து நித்திரை கொள்ளலாம்.

அதே கிழக்கில் இருக்கும் அறுகம்பே இதற்கு நேர் எதிர். அங்கே அலை தான் நினைத்த இடத்தில் உடைவதில்லை. கரை கடலுக்குள் நீட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் தொடங்கி, சர்ஃப் செய்பவரின் வலப்பக்கமாக உரிந்துகொண்டே போகும். வலது முனை அலை என்பது அதைத்தான். காலையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்போது அலையின் முகம் சீவி விட்டதுபோல் நிற்கும். (தெற்கே இருக்கும் இன்னொரு முனைக்குப் பெயர் பீனட் ஃபார்ம். எங்கள் ஊர்த் தமிழில் நிலக்கடலைக்கும் பெயர் கச்சான்தான்.) மெயின் பாயிண்ட் என்ற இந்த முனை பழகியவர்களுக்கு மட்டும்: அடியில் கல், மேலே வரிசை காத்திருக்கும் கூட்டம். அங்கே குறுக்கே புகுந்தால் திட்டு விழும், விழவும் வேணும். புதியவர்கள் கூரையில் போர்டு கட்டிய ஆட்டோவில் வடக்கே விஸ்கி பாயிண்டுக்குப் போவது புத்தி. நீந்துவதற்கு இந்த ஊர் சுமார்தான். முனைக்கு உட்பக்கம், மீன்பிடிப் படகுகள் இழுத்து வைத்திருக்கும் இடத்தில் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்; நீண்ட மணற்கரையில் குழந்தையை இறக்க எனக்கு மனம் வராது.

அங்கே பயம் இழுவைக்கு, அதாவது ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டத்துக்கு. அதை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரியும். தெரியாதவர் அதைத்தான் நல்ல இடம் என்று நினைத்து இறங்குவார். மாட்டினால் கரையை நோக்கி அடித்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வர வேணும்.

தெற்குக் கரையின் வெலிகம பழகுபவர்களின் வகுப்பறை. அகன்ற குடா, மணல் அடி, விழுந்தாலும் கல் கீறாது. மென்மையான போர்டில் வயிற்றால் படுத்து, நுரை தள்ளும்போது எழும்பி நிற்கும் முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல இடம் நான் காணவில்லை. குறை, சனம். ஒரே அலையில் பத்துப் பேர், பத்துப் போர்டு. இடுப்பளவு நீரில் நிற்கும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காகப் பிடிக்காதீர்கள். பக்கத்தில், போர்டின் மூக்கு அலையைப் பார்க்கப் பிடியுங்கள். என் மேலுதட்டுத் தழும்பு இதைக் கேட்காததால் வந்தது. குழந்தைகளோடு நீந்த அதே கரையில் உனவட்டுனவுக்குப் போங்கள்.

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியையும் சிலர் கேட்பார்கள். குளிக்க அருமை, புறாத்தீவில் முகமூடி போட்டு மீன் பார்க்கலாம். சர்ஃபுக்கு வேலையில்லை.

ஆகஸ்டுக்கு எங்கள் திட்டம் போட்டாயிற்று: மூன்று நாள் பாசிக்குடா, பிறகு கல்முனை, அக்கரைப்பற்று வழியாக, அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு பஸ். மனைவி கேட்டது ஒன்றே: மெயின் பாயிண்ட் பக்கம் நான் போகக் கூடாது.