இரண்டு கவுன்டி நீதிமன்றங்கள்: பிட்ஸ்பர்க்கா, சாண்டா பார்பராவா?

அமெரிக்காவின் இந்த இரண்டு கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றங்களும் அழிவுக்குப் பிறகு எழுந்தவை. பிட்ஸ்பர்க்கில் 1882இல் பழைய கட்டடம் தீக்கிரையானது. சாண்டா பார்பராவில் 1925 நிலநடுக்கம் பழையதைச் சிதைத்தது.

பிட்ஸ்பர்க்கின் அலெகெனி கவுன்டி நீதிமன்றத்தை வடிவமைத்தவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். சொரசொரப்பான கிரானைட் சுவர்கள், கனத்த அரைவட்ட வளைவுகள், வெளிச்சமும் காற்றும் வர நடுவில் ஒரு முற்றம். முகப்புக் கோபுரம் வெறும் அழகுக்கல்ல. தெருவின் ஆலைப் புகைக்கு மேலே இருக்கும் நல்ல காற்றை உள்ளே இழுக்கவும் அது பயன்பட்டது. எவ்வளவு நுட்பமான யோசனை! அப்போது பக்கத்தில் இருந்த சிறைக்குக் கைதிகளைக் கூட்டிச்செல்லக் கட்டிய ஒரு கல் பாலமும் தெருவுக்கு மேலே உண்டு. 1888இல் பணி முடிந்தது. அதைப் பார்க்க ரிச்சர்ட்சன் இல்லை, 1886இலேயே காலமாகிவிட்டார்.

1929இல் முடிந்த சாண்டா பார்பரா கட்டடம் நேரெதிர். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, ஸ்பானியப் பாணி, வண்ண டைல்கள், ஊர் வரலாற்றைச் சொல்லும் சுவரோவிய அறை, மணிக்கூண்டு, தாழ்வான புல்வெளித் தோட்டம். உட்கார்ந்து இளைப்பாற இதுதான் சரி. ஆனால் கட்டடக்கலைக்காக ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால், யோசிக்காமல் பிட்ஸ்பர்க் போங்கள்.