முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம்: மலேசியாவா, வியட்நாமா, இலங்கையா?

பத்து நாள் லீவு, கணவன் மனைவி இருவர், முதல் ஓரிரு ராத்திரிக்கு மட்டும் ரூம், மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு. சென்னையிலிருந்து இப்படிக் கிளம்ப ஏற்ற நாடு எது என்று கேட்டால், செலவை ஒப்பிடுவதைவிட, ஏறும் முன்பே எதையெல்லாம் முடிவு செய்தாக வேண்டும் என்று பார்ப்பது மேல்.

மலேசியா இதில் ரொம்பத் தாராளம். இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகைப் படிவத்தை இருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். ஆனால் விசா இல்லை என்பதற்காக ஒன்வே டிக்கெட்டோடு போனால் மீனம்பாக்கம் செக்-இன் கவுன்டரிலேயே சிக்கல் வரலாம். அங்கே நுழைய விடாவிட்டால் திருப்பிக் கூட்டி வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேட்பார்கள். கோலாலம்பூரில் இறங்கிப் பினாங்கிலிருந்து திரும்புவது போல எடுத்தால் வந்த வழியே போகும் ஒரு நாள் மிச்சம். நடுவில் ஈப்போ, கேமரன் ஹைலண்ட்ஸ் எல்லாம் அன்றன்றைக்கு முடிவு செய்யலாம். பஸ் தாராளமாக இருக்கிறது. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போகும் இடிஎஸ் என்ற விரைவு ரயில் மட்டும் பண்டிகை, பள்ளி விடுமுறை நாட்களில் நிரம்பிவிடும். ஹோட்டலில் அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்டால் அது ஏமாற்று அல்ல. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகளில் மழைக்காலம். பெர்ஹெந்தியானில் விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

வியட்நாமில் இ-விசா முதலில். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50, அதிகபட்சம் 90 நாள். விண்ணப்பத்திலேயே நுழையும் தேதியும் இடமும் குறிப்பிட வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் போனால் உள்ளே விடமாட்டார்கள். டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறையில் விசா அலுவலகம் இயங்காது, விசா தாமதமாகும். நாடோ நீளவாக்கில் கிடக்கிறது: வடக்கே ஹனோய் முதல் தெற்கே சைகோன் (ஹோ சி மின் நகர்) வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கும் மேல். ஆகவே வடக்கிலிருந்து தெற்கா, தெற்கிலிருந்து வடக்கா என்பதையாவது முன்பே தீர்மானிக்காதவர்கள் பத்து நாளில் பாதியை ஸ்லீப்பர் பஸ்ஸில் கழிப்பார்கள். அக்டோபர், நவம்பரில் நாட்டின் நடுப்பகுதியில் ஹோய் ஆன், ஹுவே பக்கம் வெள்ளம் வரும் மாதங்கள்.

இலங்கை கிட்டத்தில்தான், விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். ஈடிஏ என்ற பயண அனுமதியை ஆன்லைனில் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பலருடைய திட்டம் கவிழ்வது கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலில். ரிசர்வ் இருக்கைகள் 30 நாள் முன்பே திறந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். அன்றைக்கே வாங்கும் ரிசர்வ் இல்லாத டிக்கெட்டில் ஏறலாம், ஆனால் ஆறேழு மணி நேரம் நிற்க நேரிடலாம். பெட்டியோடு இருந்தால் வேண்டாம். மலைப்பாதை மழையில் அடைபடுவதும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்கரை ஊர்களான காலி (Galle), மிரிஸ்ஸ பக்கம் மழை. அப்போது கிழக்குக் கரையில் திருகோணமலை நன்றாக இருக்கும். திட்டமில்லாமல் போகிறவர்களுக்கு இதுதான் வசதி, ஒரு கரை நனைந்தால் மறுகரைக்கு மாறலாம். போயா என்ற பௌர்ணமி விடுமுறையில் மது விற்பனை இல்லை, நீண்ட வார இறுதியோடு சேர்ந்தால் ரூமும் கிடைக்காது.

முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு மலேசியாவுக்கே. லீவு ஐந்து நாள்தான் என்றால் இலங்கை. வியட்நாம் அழகுதான், ஆனால் அதைத் திட்டமில்லாப் பயணம் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, நடைமுறையில் அது அப்படி இருக்காது.

எங்கே போனாலும் நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இனிஷியலோடு வாழ்பவர்களில் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ கடைசிப் பெயர் கேட்கும்; எப்படி நிரப்புவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். புக் செய்யும் முன் அவர்களிடமே கேளுங்கள், விசா படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். இருவர் கையிலும் வெவ்வேறு கணக்கின் கார்டு இருக்கட்டும், ஒன்று முடங்கினாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டியிருக்காது.