ஒற்றைத் தலைவலிக்கு எந்த ஊசி?

சித்திரை வெயிலில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்தால் போதும், வாவியில் தெறிக்கும் ஒளியே எனக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும். விழுங்கிய பனடோலும் வாந்தியோடு வெளியேறிவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுதான் கதி.

அங்கே பலர் கேட்பது “நல்ல பலமான ஊசி”. அதாவது மோர்பின், பெத்திடின் வகை வலிநிவாரணி. அரைமயக்கத்தில் வலி மறையும், உண்மைதான். ஆனால் குமட்டலைக் கூட்டலாம். அடிக்கடி போட்டால் அந்த மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

மெட்டோகுளோபிரமைட்டை வெறும் வாந்தி மருந்தென்று குறைத்து எண்ணுகிறோம். நாளத்தில் ஏற்றும் 10 மில்லிகிராம், குமட்டலோடு தலைவலியையும் தணிக்கும், வாந்தி இல்லாதவருக்கும்கூட. மூளையில் செய்தி கடத்தும் இரசாயனமான டோபமினின் செயலைத் தடுப்பதே அதன் வழி. ஒரு குறை: சிலருக்கு இருப்புக்கொள்ளாத தவிப்பு வரும். 15 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினால் அது குறையும். கூட வந்த மாமி “கெதியாக ஏற்றுங்கள் பிள்ளை” என்று தாதியை நெருக்காதிருந்தால் நல்லது. என் தெரிவு இதுதான். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஒரு முறை சேர்த்தால், அடுத்த சில நாட்களில் வலி திரும்புவதும் குறையும்.

திடீரென இடிபோல் தாக்கும் வலி, காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம், கைகால் பலவீனம் என்றால் எந்த ஊசியும் பிறகுதான். முதலில் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.