அல்லித் தொட்டிக்குக் கொசுப்புழு தின்னும் மீன்: கொளத்தூரில் ஒரு சந்துக் கடை

சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு பார்ப்பவர்கள் எந்தக் கடைக்குள் வேண்டுமானாலும் நுழையலாம். கொசுவுக்காக மீன் தேடுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது பெயர்ப் பலகைகூட வெயிலில் வெளிறிப்போன ஒரு சந்துக் கடையை. மீனைக் காட்டுவதற்கு முன்பே "எதில் விடப் போகிறீர்கள்?" என்று கேட்ட கடை, நான் ஏறி இறங்கியவற்றில் இது ஒன்றுதான்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டிகளில் அல்லி வளர்க்கிறேன். மழை தொடங்கிவிட்டால் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வருவார்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புழு இருக்கிறது, கவிழ்த்துவிடுங்கள் அம்மா" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கூவத்தைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டையிட்ட ஒன்றரை வாரத்துக்குள் இறக்கை முளைத்துப் பறந்துவிடும், பகலில்தான் கடிக்கும். இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடையில் பிறந்த க்யூலெக்ஸ். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ்தான் சென்னைக்கு மலேரியாவைக் கொண்டுவந்தது.

எங்கள் சங்கச் செயலாளருக்கோ புகை மருந்தின் மேல் அப்படியொரு பக்தி. அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைக் கொல்லும், அவ்வளவுதான். தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏடிஸுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வழியில் அகப்பட்ட தட்டானும் வண்ணத்துப்பூச்சியும்தான் சாகும்.

கடைக்காரர் முப்பது வயதைத் தாண்டாத பையன். "கம்பூசியா இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். "அது வைப்பதில்லை அம்மா. மாடித் தொட்டிக்குக் கப்பி மீன் போதும்" என்றார். கம்பூசியா 1928இல் கொசுவை ஒழிக்கவென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க மீன். கொசுப்புழுவை மட்டும் தின்றால் பரவாயில்லை. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை என்று அகப்பட்டதையெல்லாம் தின்கிறது. உலகின் மோசமான நூறு ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. கப்பியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அதையும் ஏரியில் விடக்கூடாது. அதனால்தான் அந்த முதல் கேள்வி.

பிறகு அவர் செய்து காட்டியதற்காகவே ஒரு முறை போய் வரலாம். சண்டை மீன்களுக்கு இரையாகக் கொசுப்புழு வளர்க்கிறார், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், வாயில் துணி கட்டி. அதிலிருந்து ஒரு சொட்டுக் குழாயில் புழுக்களை உறிஞ்சி, ஒரு பெண் கப்பி இருந்த கண்ணாடிச் சாடியில் விட்டார். புழுக்கள் வாலிலிருக்கும் சுவாசக் குழாயை நீர்ப்பரப்பில் பொருத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. கை நிழல் பட்டதும் நெளிந்து கீழே இறங்கின. கப்பி அவசரப்படவில்லை. உடம்பைச் சற்றே சாய்த்து, ஒரு கண்ணால் குறிபார்த்து, உறிஞ்சியது. புழு பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாகத் துடித்து மறைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாடி காலியானது. "ஆண் மீன் பார்க்க அழகு, தின்பது குறைவு. உங்களுக்குப் பெண் மீனாகத் தருகிறேன்" என்றார். நீண்ட வால் வைத்த விலை உயர்ந்த ரகங்களை என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. ஜோடி 20 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கப்பியைத்தான் கொடுத்தார். தீவனம் கேட்டதற்கு, "போட்டால் புழுவைத் திரும்பிப் பார்க்காது" என்று மறுத்துவிட்டார். விற்க மறுக்கிற வியாபாரியை இந்த ஊரில் எங்கே பார்க்க முடிகிறது?

இன்னொன்றும் கேட்டார்: "தொட்டிக்குத் தட்டான் வருகிறதா?" வருகிறது. தட்டான்கள் முட்டையிட்ட தொட்டியில் மீனை விடவேண்டாம் என்றார். தட்டானின் இளம்புழு தண்ணீருக்குள் வாழ்வது, கொசுப்புழுவைப் பிடித்துத் தின்பது. மீன் குஞ்சு அகப்பட்டால் அதையும் விடாது. பெரிய மீனோ இளம்புழுவையே தின்றுவிடும். ஆனால் தட்டானை மட்டும் நம்பி டெங்குக் காலத்தைக் கடக்க எனக்குத் துணிவில்லை. அந்தத் தொட்டிக்கு பி.டி.ஐ. போடுகிறேன். இது ஒரு பாக்டீரியாவிலிருந்து தயாராகும் மருந்து. கொசுப்புழுவின் குடலைத் தாக்கும். மீனையும் தட்டானையும் ஒன்றும் செய்யாது. இதற்கான உள்நாட்டு ரகம் ஒன்றைப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் உருவாக்கியிருக்கிறது. இந்தக் கடையில் அது இல்லை. வைத்தால் நன்றாக விற்கும் என்று சொல்லியும் பார்த்தேன், தலையை ஆட்டினார்.

கடையின் உள்மூலையில் நாட்டு மீன்களுக்கென்று ஒரு தொட்டி உண்டு. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு, மேல் நோக்கிய வாய், நீர்ப்பரப்பை விட்டு இறங்காத குணம். நம் வாய்க்கால்களிலும் வயல்களிலும் கொசுப்புழுவையும் தின்று வாழ்கிற சிறு மீன் அது. எனக்குக் கப்பியைவிட இதுதான் பிடித்தது. விலை கூடுதல், எல்லா நாளும் கிடைக்காது, துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிமேல் வலை கட்டவேண்டும். வாய்க்காலில் பிடித்து வருவதுதான், யாரும் வளர்த்து விற்கவில்லை என்று கேட்டதும் கொஞ்சம் நெருடலாக இருந்தது. வாங்காமல் வந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ரசீது கிடையாது. சண்டை மீன்களை உள்ளங்கை அகலப் புட்டிகளில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது ஒன்று. 'வளர்ப்பு மீனை ஏரியில் விடாதீர்கள்' என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிற சுவருக்குக் கீழேயே தொட்டி சுத்தம் செய்யும் மீனை விற்கிறார். உறிஞ்சு வாய் வைத்த, முதுகில் தகடு போர்த்த தென் அமெரிக்கக் கெளுத்தி. வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொண்டதும் ஜனங்கள் குளத்தில் கொட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவிய கதை இப்படித்தான். "கேட்கிறார்கள் அம்மா, வைக்கிறேன்" என்றார். கம்பூசியாவுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா தம்பி என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார்.

பையில் ஆக்சிஜன் அடைத்து இரட்டை ரப்பர் பேண்டு போட்டுத் தருகிறார். மெட்ரோ தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகு அவிழ்க்கச் சொன்னார். அப்படியே செய்தேன், ஒன்றுகூடச் சாகவில்லை. அல்லித் தொட்டியில் இப்போது புழு கிடையாது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் தட்டையும் பூந்தொட்டிக்கு அடியிலுள்ள சாசரையும் நான்தான் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்க்கிறேன். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைத்திருக்கும். வெறுமனே கொட்டினால் போகாது.

கப்பி குட்டி போடும், ஏறக்குறைய மாதம் ஒரு முறை. மிஞ்சியதை ரெட்டேரியில் கொட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்தக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்கிறார். காசு தரமாட்டார், ஒரு பொட்டலம் தீவனம் தருவார். காலை பத்து மணிக்குள் கொண்டுபோக வேண்டும்; வெயில் ஏறிய பிறகு பையில் வாடி வந்த மீனை வாங்கமாட்டார்.